பிக்கப் வண்டியின் முன்பக்க உயரத்தைச் சரிசெய்வது எப்படி? மரை போட்ட ஷாக்குகளுக்கான செய்முறை

வி-கிராஸ், ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகளில் முன்பக்க ஷாக்கும் (அதிர்வை அடக்கும் ஷாக் அப்சார்பர்) காயில் ஸ்பிரிங்கும் ஒரே கட்டாக இருக்கும். வெளியில் வாங்கிப் போடும் ஷாக்குகள் பலவற்றில் உடம்பு முழுக்க மரை வெட்டி, ஸ்பிரிங்கின் ஒரு முனையைத் தாங்க ஒரு காலர் இருக்கும். அந்தக் காலரை ஸ்பிரிங்கை நோக்கிச் சுற்றினால் முன்பக்கம் ஏறும், எதிர்ப்பக்கம் சுற்றினால் இறங்கும். மரைக்குப் பதிலாகப் பள்ளங்களும் வளையமும் உள்ள ஷாக் என்றால், அதைக் கழற்றி ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கம்ப்ரஸர் கருவியைப் போட்டுத்தான் மாற்ற வேண்டும். அதை வீட்டில் முயல வேண்டாம், ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போங்கள்.

முதலில் அளவு. தரையிலிருந்து மட்கார்டு வரை அளப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். டயர் காற்று குறைந்தாலே அந்த அளவு மாறிவிடும். வீல் ஹப்பின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து, நான்கு சக்கரத்துக்கும் எழுதி வையுங்கள். தரை மட்டமாக இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தை வாங்கிப் பாருங்கள். டீசல் அரை டேங்க், பின்னால் சுமை எதுவும் இல்லை என்று ஒரு நிலையை வைத்துக்கொண்டு, கடைசி வரை அதிலேயே அளக்க வேண்டும்.

இப்போது மரையைப் பாருங்கள். பாலாற்று மணலிலும் ஜவ்வாது மலையின் செம்மண் பாதையிலும் ஓடிய வண்டியில் மரைப் பள்ளம் ஒவ்வொன்றிலும் புழுதி கல்லாக இறுகியிருக்கும். அப்படியே ஸ்பேனரைப் போட்டால் காலரின் அலுமினியம் அரைபட்டு மரையே பிடித்துக்கொள்ளும். பழைய டூத் பிரஷ்ஷால் பள்ளம் பள்ளமாகத் தேய்த்து, தண்ணீர் அடித்து, காய்ந்தபின் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து அரை மணி விடுங்கள். வேலையில் பாதி இந்தச் சுத்தம்தான்.

பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சேஸிஸுக்கு அடியில் இரண்டு ஸ்டாண்டு கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை விடக் கூடாது. முன்சக்கரம் இரண்டுமே தொங்க வேண்டும். ஒன்று மட்டும் தூக்கினால் இரு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் கம்பி அந்தப் பக்க ஆர்மை (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கை) முழுதாக இறங்க விடாது.

சக்கரத்தைக் கழற்றுங்கள். காலரும் ஷாக் உடம்பும் சேரும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். சுற்று எண்ண இதுதான் ஆதாரம். காலரின் பூட்டு ஸ்க்ரூவை ஆலன் கீயால் தளர்த்துங்கள். பூட்டு வளையம் தனியாக இருந்தால் அதைத் தளர்த்துங்கள். பிறகு ஷாக்குடன் வந்த கொக்கி ஸ்பேனரால் சுற்றுங்கள். உளியும் சுத்தியலும் வேண்டாம். தொங்கும் நிலையிலும் நகரவில்லை என்றால் ஸ்பிரிங் இன்னும் அழுத்தத்தில் இருக்கிறது என்று பொருள். ஷாக்கின் மேல் நடு நட்டை எந்தக் காரணத்துக்கும் தொடாதீர்கள், ஸ்பிரிங் சிதறும்.

எவ்வளவு சுற்றுவது? ஷாக் ஆர்மின் நடுவில் உட்கார்ந்திருப்பதால், காலர் நகரும் தூரத்தைவிடச் சக்கரத்தில் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மடங்கு உயரம் மாறும். மரை இடைவெளி 2 மி.மீ. என்றால், ஐந்து சுற்றுக்குக் காலர் 10 மி.மீ. நகரும், வண்டி 15 முதல் 20 மி.மீ. வரை ஏறும். அதனால் இரண்டு இரண்டு சுற்றாகப் போங்கள். இரு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் சுற்ற வேண்டியதில்லை. டிரைவர் பக்கம் சுமையால் தாழ்ந்திருக்கலாம். முக்கியம் அளவு சமமாவதுதான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: காலரை இறுக்கினால் ஸ்பிரிங் கடினமாவதில்லை, வண்டிதான் உயர்கிறது. உயர்ந்த அளவுக்கு, சக்கரம் கீழே இறங்கும் தூரம் குறைகிறது. வேகத்தடை தாண்டும்போது "டொக்" என்று மேலிருந்து ஒலி கேட்டால், ஷாக் முழுதாக நீண்டு முட்டுகிறது, காலரைக் கொஞ்சம் இறக்குங்கள். பழைய உயரத்தைவிட 50 மி.மீ. தாண்டினால், நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சி.வி. ஜாயின்ட்டின் கோணம் கூடி அதன் ரப்பர் உறையான பூட் கிழியும், மேல் ஆர்மின் முனையில் உள்ள அப்பர் பால் ஜாயின்ட்டும் எல்லையில் நிற்கும். அப்போது அப்பர் ஆர்மையும் மாற்ற வேண்டிவரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு உற்பத்தியாளர் அளவை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டு ஸ்க்ரூவை இறுக்கி, சக்கரத்தை மாட்டி, வண்டியை இறக்கி, முன்பம்பரை நாலைந்து முறை அழுத்தி, பத்து மீட்டர் முன்னும் பின்னும் ஓட்டுங்கள். அப்போதுதான் சக்கரம் தன் இடத்தில் உட்காரும். அதன்பின் அளவெடுங்கள். இடம் வலம் 5 மி.மீ.க்குள் இருந்தால் போதும். லோயர் ஆர்ம் (கீழ் ஆர்ம்) சேஸிஸோடு சேரும் ரப்பர் புஷ்ஷின் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நிற்கும்போது தளர்த்தி, அதே நிலையில் கம்பெனி கையேட்டில் உள்ள டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு இறுக்குங்கள். இல்லாவிட்டால் புஷ் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும்.

உடனே அலைன்மென்ட். உயரம் மாறினால் டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கேம்பரும் (முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு) மாறும், விட்டால் டயர் ஓரம் தேய்ந்துவிடும். ஹெட்லைட்டையும் கீழே இறக்குங்கள். முன்பக்கம் தூக்கிய வண்டியின் வெளிச்சம் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் எதிரே வருபவர் கண்ணில்தான் விழும்.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் நிதானமாக ஏறி இறங்கிப் பாருங்கள். ஸ்பிரிங் புதிதாக இருந்தால் கொஞ்சம் அமர்ந்துவிடும், 500 கி.மீ. ஓடியபின் ஹப்பிலிருந்து மறுபடி அளந்து, பூட்டு ஸ்க்ரூவையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.