அமெரிக்க அரசுப் பள்ளிக்கு வரும் கிறிஸ்தவ ஆசிரியர்களே, வாய்வார்த்தையை நம்பாதீர்கள்

ஊரில் பெரிய வெள்ளிக்கு அரசு விடுமுறை. மற்றப் பண்டிகை நாளுக்கு ஆர்.எல். (வரையறுக்கப்பட்ட விடுப்பு) எழுதிக் கொடுத்தால் தீர்ந்தது. இங்கே நாடு முழுவதற்குமான கிறிஸ்தவப் பண்டிகை விடுமுறை கிறிஸ்துமஸ் ஒன்றுதான். பெரிய வெள்ளியன்று பள்ளி உண்டா இல்லையா என்பதை அந்தந்தப் பள்ளி மாவட்டத்தின் (அப்பகுதி அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) காலண்டர் சொல்லும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அதையும் லீவு விதிகளையும் வாங்கிப் படியுங்கள்.

சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ‘டைட்டில் செவன்’ பிரிவுப்படி ஊழியரின் மத அனுசரிப்புக்கு நிர்வாகம் இடம் கொடுக்க வேண்டும். சின்னச் சிரமத்தைக் காட்டி மறுக்க முடியாது; கணிசமான கூடுதல் சுமை என்று நிரூபிக்க வேண்டும். ஞாயிறு வேலையை மறுத்த தபால் ஊழியர் கிராஃபின் வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

நம்மவர்கள் விழுகிற குழி வேறு. பிரின்சிபாலிடம் வராந்தாவில் நின்று சொல்கிறார்கள், அவரும் ‘நோ பிராப்ளம்’ என்கிறார். எச்.ஆர். (பணியாளர் நிர்வாகப் பிரிவு) கணக்கில் அது அனுமதியில்லாத விடுப்பாக ஏறிச் சம்பளம் பிடிபடுகிறது. பிரின்சிபால் மாறிவிட்டால் கேட்க நாதியில்லை. இதைவிட மோசம், காய்ச்சல் என்று சிக் லீவு போடுவது. பொய்க் காரணம் ஒழுங்கு நடவடிக்கையில் முடியும். மத உரிமையைக் கேட்டதாகவும் ஆகாது.

எச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்பி, பிரின்சிபாலுக்கு நகல் வையுங்கள். தலைப்பிலேயே ‘ரிலிஜியஸ் அக்காமடேஷன்’ (மத அனுசரிப்புக்கு இடம் கொடுத்தல்) என்று இருக்கட்டும். உங்கள் விசுவாசம் என்ன கேட்கிறது, எந்தத் தேதி, எந்த நேரம் மோதுகிறது, பதிலுக்கு நீங்கள் என்ன செய்யத் தயார் என்று நாலு வரி போதும். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் ஆசிரியர் என்றால், வெள்ளி சூரியன் மறைந்ததும் ஓய்வுநாள் தொடங்கிவிடும். டிசம்பரில் நியூயார்க்கில் நாலரைக்கே பொழுது சாய்கிறது. அன்று மாலை பெற்றோர் சந்திப்பு வைத்தால், சூரிய மறைவு நேரத்தைக் குறித்து, ‘வியாழன் மாலை வருகிறேன்’ என்று எழுதுங்கள். போதகர் கடிதத்தைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை, இருந்தால் நல்லது.

கேட்டதெல்லாம் அப்படியே கிடைக்காது. கனெக்டிகட் ஆசிரியர் ஃபில்புருக் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, சம்பளமில்லா விடுப்பே பெரும்பாலும் போதுமானது. ஆனால் மற்ற எல்லாக் காரியத்துக்கும் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்துவிட்டு, மதத்துக்கு மட்டும் இல்லை என்றால் அது செல்லாது. ஒப்பந்தத்தில் ‘பர்சனல் லீவு’ பகுதியை இந்தக் கண்ணோடு வாசியுங்கள்.

வகுப்பில் பிள்ளைகளை வைத்து ஜெபம் நடத்துவதும் துண்டுப் பிரசுரம் கொடுப்பதும் இந்த உரிமையில் வராது. ஊர் மிஷன் பள்ளிப் பழக்கத்தில் அசெம்பிளி ஜெபம் தொடங்கிவிடாதீர்கள். கென்னடி என்ற பள்ளி விளையாட்டுக் கோச் வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, ஆட்டம் முடிந்தபின் அவர் தனக்காகச் செய்த ஜெபத்தைத்தான் காத்தது.

மறுப்பு வந்தால் ஈ.ஈ.ஓ.சி.யில் (மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையம்) புகார் செய்ய 180 நாள். மாநிலத்திலும் இதற்கான அமைப்பு இருந்தால் 300. யூனியன் பேசிக்கொண்டிருக்கிறது என்று காத்திருக்காதீர்கள், அதற்காகக் கெடு நீளாது. மறுப்புக் கடிதத்தை அன்றே அச்செடுத்து வீட்டில் வையுங்கள். வேலை போனால் பள்ளி மெயிலைத் திறக்க முடியாது.