எட்டு திரெட்டும் ஒரே விடை சொன்னால் சந்தேகப்படுங்கள்

யாழ்ப்பாணக் கம்பஸுக்குப் பக்கத்தில், திருநெல்வேலியில் அறை எடுத்துப் படிக்கிற தம்பி ஒருவர் போன மாதம் லப்டொப்போடு வீட்டுக்கு வந்தார். இறுதியாண்டுப் பௌதிகவியல் ஆய்வு. இரு பரிமாண ஐசிங் மாதிரியை, அதாவது மேலோ கீழோ பார்க்கிற ஸ்பின் என்ற குட்டிக் காந்தங்களை ஒரு வலையில் அடுக்கிய மாதிரியை, எழுமாற்று எண்களைக் கொண்டு கணிக்கிற மொன்டே கார்லோ முறையில் ஓட்டியிருந்தார். வேலையை ஒரே நேரத்தில் ஓடுகிற எட்டு இழைகளுக்கு, அதாவது திரெட்டுகளுக்கு, கொடுத்திருந்தார். "அண்ணை, எட்டு திரெட்டும் ஓடுது. வழுக்கோடு எவ்வளவு சின்னனா வந்திருக்கெண்டு பாருங்கோ" என்றார்.

வழுக்கோடு, அதாவது விடை எவ்வளவு தள்ளாடலாம் என்று காட்டுகிற கோடு, சின்னதுதான். ஆனால் அவதி வெப்பநிலையில், அதாவது காந்தத் தன்மை மறைகிற வெப்பநிலையில், ஒரு ஸ்பின்னுக்கான சக்தி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இருக்க வேண்டிய இடம் எது என்று அடித்துச் சொல்லலாம். புறக் காந்தப்புலம் இல்லாத சதுர வலைக்கு ஓன்சாகர் 1944இலேயே முழுத் தீர்வு கண்டுவிட்டார். இணைப்பு மாறிலியை 1 என்று வைத்தால் அவதி வெப்பநிலை 2.269, அங்கே சக்தி −1.414, அதாவது இரண்டின் வர்க்கமூலத்துக்கு முன்னால் ஒரு மறைக்குறி. விளிம்புகளைச் சுற்றி ஒட்டிய 64க்கு 64 வலை என்றால் இதைவிடச் சற்றே கீழே வரும். தம்பியின் எண் மேலே நின்றது.

"ஒவ்வொரு திரெட்டின்ர சராசரியையும் தனித்தனியா அச்சடிச்சுப் பாரும்" என்றேன். எட்டு வரி வந்தது. எட்டும் ஒரே எண், கடைசித் தசமம் வரைக்கும்.

நடந்தது இதுதான். எழுமாற்று எண்ணாக்கிக்கு விதையாக, அதாவது தொடரைத் தொடக்கிவைக்கிற எண்ணாக, எல்லா திரெட்டும் கடிகாரத்தைப் பார்த்திருக்கின்றன. எட்டும் ஒரே செக்கனில் பிறந்தவை, ஆகவே எட்டுக்கும் ஒரே சாதகம். ஒரே பரிசோதனையை எட்டுத் தரம் பிரதி எடுத்துவிட்டு, எட்டு மடங்கு தரவு இருக்கிறது என்று கணக்குப் போட்டால் வழுக்கோடு எட்டின் வர்க்கமூலத்தால், கிட்டத்தட்ட 2.8 மடங்கு சுருங்கும். விடை மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும். இணைக் கணிப்பில் நான் அஞ்சுகிற தவறுகள் எல்லாம் இந்தச் சாதிதான். புரோகிராம் விழாது, எச்சரிக்கை வராது, வரைபு அழகாக இருக்கும்.

விதையோடு திரெட் இலக்கத்தைக் கூட்டிவிட்டால் சரியா என்று கேட்டார். எல்லா எண்ணாக்கிக்கும் அது போதாது. அடுத்தடுத்த விதைகளுக்கு ஒன்றையொன்று ஒத்த தொடர்களைத் தருபவையும் உண்டு. தனித்தனி ஓடைகளாகப் பிரிக்கவென்றே அமைந்த எண்ணாக்கியை எடுங்கள். தரமானது என்று பெயர் எடுத்ததையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 1992இல் ஃபெரன்பெர்க், லாண்டவ், வொங் மூவரும் அந்தக் காலத்தில் நல்ல பெயரோடு இருந்த எண்ணாக்கிகளை இதே ஐசிங் மாதிரியில், ஸ்பின்களைக் கூட்டமாகத் திருப்புகிற வுல்ஃப் முறையோடு ஓட்டிப் பார்த்தார்கள். சில பிழையான விடை தந்தன. ஓன்சாகரின் தீர்வு கையில் இருந்தபடியால்தான் அது பிடிபட்டது. விடை தெரிந்த ஒரு கணக்கில் உங்கள் கோட் தேறாவிட்டால், தெரியாத கணக்குக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள்.

வழுக்கோட்டில் இன்னொரு குழியும் இருக்கிறது. அவதி வெப்பநிலைக்குக் கிட்ட, அடுத்தடுத்த அளவீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டே வரும். ஸ்பின்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிற சாதாரண மெட்ரோபொலிஸ் முறையில் வலையின் பக்கத்தை இரட்டித்தால், அந்த ஒட்டு விடுபட ஏறக்குறைய நாலரை மடங்கு சுற்று வேண்டும். ஆயிரம் அளவீடு எடுத்தேன் என்பவரிடம் உண்மையில் இருபது இருக்கலாம்.

அடுத்தது, வலையைத் துண்டு போட்டு திரெட்டுகளுக்குக் கொடுக்கிற இடம். ஒரு ஸ்பின்னைத் திருப்பலாமா என்று ஒரு திரெட் பக்கத்து நாலையும் பார்த்து முடிவெடுக்கும் அதே கணத்தில், அந்த நாலில் ஒன்றை இன்னொரு திரெட் திருப்பினால், எடுத்த முடிவு பழைய தகவலில் எடுத்ததாகிவிடும். இதற்குப் பழைய வழி சதுரங்கப் பலகை நிறம்: முதலில் கறுப்புக் கட்டங்கள் எல்லாம், பிறகு வெள்ளை எல்லாம். கறுப்புக்கு அயலில் வெள்ளை மட்டுமே இருப்பதால் மோதல் இல்லை. ஆனால் பக்கம் 65 என்று ஒற்றை எண்ணில் எடுத்து, விளிம்புகளையும் சுற்றி ஒட்டிப் பாருங்கள். தையல் விழுகிற இடத்தில் கறுப்பும் கறுப்பும் அயலாகிவிடும். தாளில் ஐந்துக்கு ஐந்து கட்டம் கீறிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் விளங்கும். கோட்டுக்குள் தேடினால் இரண்டு கிழமை போகும்.

மொத்தத்தைக் கூட்டுவதிலும் இதே மோதல்தான். கடையில் ஒரே கணக்குக் கொப்பியை இரண்டு பேர் பார்க்கிறார்கள். இருவர் கண்ணிலும் 500. இருவரும் தங்கள் 100ஐ மனத்தில் கூட்டி 600 என்று எழுதுகிறார்கள். நூறு ரூபாய் காற்றோடு போயிற்று. பொது மாறி ஒன்றில் எல்லா திரெட்டும் காவல் இல்லாமல் கூட்டுவது இப்படித்தான். திரெட்டுகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற ஓபன்எம்பியில் இதற்கென்றே ரிடக்சன் என்ற ஏற்பாடு உண்டு: ஆளுக்கொரு கொப்பி, கடைசியில் ஒருமுறை சேர்ப்பு. சின்ன வலையில் பத்துத் தரம் ஓட்டிப் பார்த்து "பிரச்சினை இல்லை" என்று சொல்ல வேண்டாம். சின்ன வலையில் மோதல் அரிது, அவ்வளவுதான்.

ரிடக்சன் போட்ட பிறகு ஒவ்வொரு ஓட்டத்திலும் கடைசி இலக்கங்கள் மாறுகின்றன என்று சிலர் பதறுவார்கள். மாறத்தான் செய்யும், ஏனென்றால் கொம்பியூட்டரின் தசமக் கூட்டலில் வரிசை மாறினால் விடையும் மாறும். 32 பிட்டில் எண்ணை வைக்கிற புளோட் வகையில் 16,777,216 உடன் ஒன்றைக் கூட்டினால் அதே 16,777,216தான் திரும்பி வரும்; அந்த வகைக்கு அதற்கு மேல் ஒன்றுவிட்டுத்தான் முழுவெண்கள் உண்டு. கோடிக்கணக்கான சின்ன எண்களை ஒரு பெரிய மொத்தத்தில் கூட்டுகிறவர் இரு மடங்கு பிட் உள்ள டபிள் வகையை எடுக்கட்டும். மாற்றம் பதினாலாம் இலக்கத்திலா, நாலாம் இலக்கத்திலா என்பதைப் பாருங்கள். நாலாவது என்றால் அது வரிசைக் குற்றமாக இருக்காது, மேலே சொன்ன கொப்பிப் பிரச்சினையாகத்தான் இருக்கும்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், எல்லோரும் அதைத்தான் பேசுகிறார்கள். கோயில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட இருபது பேர் வந்தாலும், ஒரே கிடாரத்தில் சோறு வேகிற நேரம் குறையாது. அம்டால் 1967இல் சொன்னதும் இதைத்தான். வேலையில் 5 வீதம் பிரிக்க முடியாதது என்றால், எட்டுக் கோரில் (கோர் என்பது கொம்பியூட்டரின் கணிப்பு அலகு) வேகம் 5.9 மடங்கு, எத்தனை ஆயிரம் கோர் போட்டாலும் இருபதைத் தாண்டாது. அப்புறம், லப்டொப் "எட்டு" என்று காட்டுவதில் உண்மையான கோர் நாலாக இருக்கலாம். ஒரு கோர் மட்டும் ஓடும்போது கடிகார வேகம் ஏறும், எல்லாம் ஓடும்போது இறங்கும். சித்திரை வெயிலில், மின்விசிறியும் இல்லாத அறையில் எடுத்த அளவீட்டை ஆய்வறிக்கையில் போடமுன் இரவில் ஒருதரம் ஓட்டிப் பாருங்கள்.

கோரைக் கூட்டித் தீராத பிழைகளும் உண்டு. கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கிடம் படித்த இலங்கைத் தமிழர் சி. ஜே. எலியேசரை இங்கே நினைக்க வேண்டும். கதிர்வீச்சின் எதிர்விசையையும் சேர்த்த லோரன்ஸ்–டிராக் சமன்பாட்டில், புரோத்தனை நோக்கி நேராக விழும் இலத்திரன் அதைத் தொடாமலே திரும்பி ஓடிவிடும் என்று 1943இல் காட்டியவர். அந்தச் சமன்பாட்டுக்குத் தறிகெட்டு ஓடுகிற தீர்வுகள் இயல்பாகவே உண்டு. இலத்திரனுக்கு அவை வீங்குகிற கால அளவு ஏறக்குறைய 6×10⁻²⁴ செக்கன். இதை முன்னோக்கி எண்முறையில் தீர்க்கப் போனால், கடைசி இலக்கத்துத் தூசி அந்தத் தீர்வுகளில் ஏறிக்கொண்டு விடையை விழுங்கிவிடும். காலப் படியைச் சிறிதாக்குவதும் கோரைக் கூட்டுவதும் உதவாது. இறுதி நிலையிலிருந்து பின்னோக்கித் தீர்த்தால் அதே தூசி தேய்ந்து போகும். காகிதத்தில் சமன்பாட்டைப் பார்த்தால் தெரிகிற விசயம்.

கடைசியாகக் கரண்ட். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வெட்டியபோது கற்ற பாடம் செக்பொயின்ட், அதாவது ஓட்டத்தின் நிலையை இடைக்கிடை டிஸ்கில் சேமிப்பது. அதை எத்தனை நிமிடத்துக்கு ஒருதரம் சேமிப்பது என்பதற்கு 1974இல் யங் ஒரு எளிய சூத்திரம் தந்தார்: சேமிக்க எடுக்கும் நேரத்தையும் தடைகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரத்தையும் பெருக்கி, இரட்டித்து, வர்க்கமூலம் எடுங்கள். சேமிக்க 30 செக்கன், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடை என்றால் 19 நிமிடம். ஸ்பின்களோடு எழுமாற்று எண்ணாக்கியின் நிலையையும் சேமிக்க வேண்டும். மறந்தால், விதை மாறாத எண்ணாக இருக்கும்போது ஒவ்வொரு மீளத்தொடக்கத்திலும் பழைய தொடரே திரும்ப ஓடும், தம்பியின் எட்டு வரிக் கதைதான். பழைய கோப்பின் மேலேயே எழுதவும் கூடாது. வேறு பெயரில் முழுவதையும் எழுதி, டிஸ்கில் இறங்கிவிட்டதை உறுதிசெய்து, அதற்குப் பிறகே பெயரை மாற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனாலும், பத்தொன்பது நிமிடத்துக்கு முந்திய கோப்பு முழுசாக இருக்கும்.