சத்தமில்லாமல் இறங்கப் பழகினேன்
வாலிபாலில் எகிறி அடிக்க உயரம் போதவில்லை. பிளையோமெட்ரிக் என்ற குதிப்புப் பயிற்சி செய்தால் கால் விசை கூடும் என்று கேள்விப்பட்டு, சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தினமும் 150 தடவை குதித்தேன். சிமெண்டுத் தரை. மூன்றாவது வாரம் முழங்கால் சில்லுக்குக் கீழே குத்துவலி. எம்ஆர்டி ரயில் நிலையப் படிக்கட்டில் இறங்கவே முடியவில்லை.

பிசியோதெரபி அக்கா என்னைக் குதிக்கச் சொல்லிப் பார்த்தார். "தம்பி, தொப்புன்னு சத்தம் கேக்குது பாருங்க. முதல்ல இறங்கப் பழகுங்க" என்றார்.

தரையைத் தொட்டதும் தசையும் தசைநாணும் ரப்பர் பேண்டு மாதிரி இழுபடும். உடனே எகிறினால் அந்த விசை திரும்பக் கிடைக்கும், தாமதித்தால் வீணாகிவிடும். களைத்துப்போன காலால் அந்த வேகத்தில் எகிற முடியாது. எண்ணிக்கையைக் கூட்டியதுதான் நான் செய்த பெரிய தப்பு. 1960களில் சோவியத் பயிற்சியாளர் வெர்கோஷான்ஸ்கி வளர்த்தெடுத்த, மேலிருந்து இறங்கி உடனே எகிறும் பயிற்சிகூட ஏற்கெனவே பலமான கால்களுக்குத்தான் ஏற்றது.

சரி என்று குதிப்பதை நிறுத்தி, ஆறு வாரம் ஸ்குவாட்டும் குதிகால் உயர்த்துவதும் மட்டும் செய்தேன். வலி அடங்கியது. அப்புறம் வாரம் இரண்டே நாள், புல்தரையில், 40 குதிப்பு. முன்பாதம் முதலில் பட, முழங்கால் உள்ளே சாயாமல், சத்தமே வராமல் இறங்குவேன். ஐந்து குதித்தால் ஒன்றரை நிமிடம் ஓய்வு. மழை பெய்து புல் வழுக்கினால் அன்று விடுமுறை.

மூன்று மாதம் கழித்து, முன்பு கை எட்டிய உயரத்தைக் குறிக்கச் சுவரில் ஒட்டியிருந்த பழைய டேப்புக்கு நான்கு விரல் மேலே என் கை பட்டது.