பீட் வில்லையா, மண் கலவையா? மதுரை வெயிலில் நாற்று வளர்க்கத் தொடங்குவோருக்கான செய்முறை

விதை முளைக்க ஈரமும் காற்றும் தக்க வெப்பமும் போதும். முதல் இலைகள் விரியும்வரை வேண்டிய உணவை விதையே வைத்திருப்பதால், பீட் வில்லையிலும் (உலர்ந்த சதுப்புப் பாசியை அழுத்திச் செய்த சிறு வட்டு) அது முளைக்கும், மண் கலவையிலும் முளைக்கும். மதுரையில் தேர்வைத் தீர்மானிப்பது ஈரம்தான். சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்த சிறு வில்லை காலையில் நனைத்தாலும் உச்சிப்பொழுதுக்குள் காய்ந்துவிடும். ஆகவே தக்காளி, கத்தரி, மிளகாய் போன்றவற்றை மண் கலவையில் தொடங்குவதும், விலை கூடிய விதைகளுக்கும் பொடிவிதைகளுக்கும் மட்டும் வில்லையைப் பயன்படுத்துவதும் நல்லது என்பது என் கருத்து.

குளிர்நாட்டுச் சதுப்புகளில் நெடுங்காலமாகப் பாதி மக்கிக் கிடக்கும் பாசியை உலர்த்தி, அழுத்தி, வலையால் சுற்றியதே பீட் வில்லை. இயல்பிலேயே அமிலத்தன்மை மிகுந்த அதைச் சுண்ணாம்பு சேர்த்துச் சரிசெய்கிறார்கள். தேங்காய் நார்த்தூளில் செய்த வில்லைகளும் கடைகளில் கிடைக்கின்றன. அவை சரியாகக் கழுவப்படாமல் உப்போடு வரக்கூடும் என்பதால், ஊறவைத்த முதல் நீரைக் கொட்டிவிட்டு மீண்டும் ஒருமுறை ஊறவையுங்கள்.

வில்லையில் விதைத்தல்

வில்லைகளைக் குழி மேல்நோக்கி இருக்குமாறு தட்டில் அடுக்கி, வெதுவெதுப்பான நீரை ஊற்றினால் சில நிமிடங்களில் உப்பி உயர்ந்துவிடும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் மழைநீரையோ குடிநீரையோ பயன்படுத்துங்கள். இல்லையெனில் நீர் ஆவியாக ஆவியாக உப்பு மேலே வெள்ளையாகப் படியும். மிகுந்த நீரை மெல்லப் பிழிந்துவிட்டு, ஒரு வில்லைக்கு இரண்டு விதைகளை, விதையின் பருமனைப் போல் இருமடங்கு ஆழத்தில் இடுங்கள். நிழலில் வைத்து, முளை தெரியும்வரை மூடியிருங்கள்; தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும். மிளகாய் தக்காளியைவிடத் தாமதமாகவே முளைக்கும் என்பதால் பொறுத்திருங்கள். இரண்டும் முளைத்தால் நலிந்ததைப் பிடுங்காமல் கத்தரிக்கோலால் நறுக்குங்கள், அப்போதுதான் மற்றதன் வேர் அசையாது.

முழுதாகக் காய்ந்த பீட் மேலிருந்து ஊற்றும் நீரை எளிதில் ஏற்காது. தட்டில் நீர் விட்டு அடியிலிருந்து ஊறவைத்து, எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். வேர் வலைக்கு வெளியே தெரிந்ததும் வலையைக் கீறி அகற்றி, வில்லையின் மேல்விளிம்பும் மண்ணுக்குள் மறையும்படி நடுங்கள். வெளியே தெரியும் பீட், திரியைப் போல் உள்ளிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும்.

மண் கலவை

செம்மண், மணல், மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் எடுத்துச் சலித்துக் கலக்குங்கள். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண் வயலுக்கு உகந்ததே; ஆனால் சிறு குவளையில் நனைந்தால் இறுகிக் காற்றை அடைத்து, காய்ந்தால் வெடித்து இளவேரை அறுத்துவிடும். நாற்றழுகல் நோய் மண்ணிலிருந்தே வருவதால், கோடையில் கலவையை ஈரமாக்கிப் பரப்பி, நிறமற்ற பாலித்தீன் தாளால் இறுக மூடி, நாலைந்து வாரம் வெயிலில் விடுங்கள். நம் ஊர் வெயில் உண்மையாகவே உதவும் இடம் இது. பின்னர் நோய்ப்பூஞ்சைகளை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி கலந்து குழித்தட்டில் நிரப்பலாம்.

குச்சி நடுதல்

2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியைக் குச்சி வைத்தே பெருக்குகிறார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை இதற்கு ஏற்ற காலம். மிக இளசாகவோ முற்றியதாகவோ இல்லாத தண்டிலிருந்து, மூன்று நான்கு கணுக்களுடன் 12 முதல் 15 செ.மீ. நீளக் குச்சியைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, அடி இலைகளை நீக்குங்கள். வேரூன்ற வாரக்கணக்கில் ஆகும் என்பதால், மூடி வைக்கும்போது நடுப்பகுதி எப்போதும் நனைந்தே இருக்கும் வில்லையில் தண்டு அழுகிவிடக்கூடும். மணல் கூடுதலாகச் சேர்த்த செம்மண் நிரப்பிய பையே இதற்குச் சிறந்தது. விரைவில் வேர்விடும் துளசிக்கும் புதினாவுக்கும் வில்லை போதும்.

வேறொரு குச்சியால் முன்பே துளையிட்டு, இரண்டு கணுக்கள் உள்ளே போகும்படி நட்டுச் சுற்றிலும் அழுத்துங்கள். அடியில் வேர்த்தூள் (வேர்விடத் தூண்டும் பொடி) தடவியிருந்தால், நேராகக் குத்தும்போது அது உராய்ந்து போய்விடும். பையைப் பாலித்தீனால் மூடி, நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். தண்டில் உள்ள சேமிப்பைக் கொண்டே துளிர் வரும் என்பதால், துளிரை நம்பி இடம் மாற்றாதீர்கள். பையின் அடித்துளையில் வெண்வேர் தெரிந்த பிறகு மூடியை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகத் திறந்து, காலை வெயிலுக்குப் பழக்கிய பின்பே தொட்டிக்கு மாற்றுங்கள்.