புல்லாங்குழல் கொன்சர்ட்டோப் பதிவு ஒன்றின் வேகம், கீ, உணர்வு: கேட்டு எழுதும் முறை

மேலைத்தேயச் செவ்வியல் இசைப்பதிவு ஒன்றைப் பற்றி எழுதச் சொன்னால், நம் மாணவர்கள் பெரும்பாலும் உணர்விலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். "இனிமையானது", "மனதை வருடுவது" என்ற சொற்கள் எந்தப் பதிவுக்கும் பொருந்துமாதலால் எந்தப் பதிவையும் விளக்குவதில்லை. முதலில் காலப்பிரமாணம் (வேகம்), அடுத்து கீ (இசை நிலைகொள்ளும் ஆதார சுரமும் அதன் சுரவரிசையும்), இறுதியில் உணர்வு என்ற ஒழுங்கில் செல்வதே நல்லது. முன்னிரண்டும் கைவசம் இருந்தால் மூன்றாவதற்கு ஆதாரம் கிடைத்துவிடும். கொழும்பின் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கர்நாடக இசை பயின்ற பிள்ளைகளுக்கு இந்த வேலையில் தனியான வசதி உண்டு. அவர்களுடைய தாளப் பழக்கமும் சுருதி ஞானமும் இங்கு நேரடியாகவே பயன்படும்.

எடுத்துக்காட்டாக மொஸார்ட் 1778 இல் மன்ஹைமில் இயற்றிய ஜி மேஜர் புல்லாங்குழல் கொன்சர்ட்டோவை, அதாவது அவருடைய படைப்புப் பட்டியலில் கே. 313 என்ற எண்ணுடையதை எடுத்துக்கொள்வோம். கொன்சர்ட்டோ என்பது ஒரு தனி வாத்தியமும் ஓர்க்கெஸ்ட்ரா எனும் பெரிய வாத்தியக் குழுவும் சேர்ந்து இசைக்கும் உருப்படி. இதை எழுதித் தருமாறு கேட்டவர் ஃபெர்டினான்ட் டி ஜான் என்ற மருத்துவர். ஒரு காலத்தில் கொழும்பை ஆண்ட அதே ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றியவர் அவர் என்பது நமக்குச் சுவையான செய்தி.

கேட்பதற்குக் கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியை நம்ப வேண்டாம். காலி வீதி இரைச்சல் ஒரு காரணம் மட்டுமே. பெரிய தந்தி வாத்தியங்களான செலோவும் டபிள் பேஸும் எழுப்பும் கீழ்ச் சுரங்கள் அச்சிறு ஒலிபெருக்கியில் ஏறத்தாழ மறைந்துவிடுகின்றன என்பதே முதன்மையான காரணம். காலத்தையும் கீயையும் தாங்கி நிற்பவை அந்தச் சுரங்களே ஆதலால், காதுக்குள் அணியும் இயர்ஃபோனாவது அவசியம்.

முதலாம் பகுதி அலெக்ரோ மயெஸ்தோஸோ, அதாவது விரைவும் கம்பீரமும் கொண்ட நடை. தொடக்கத்தில் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓர்க்கெஸ்ட்ரா மட்டும் இசைக்க, அதன் பின்னரே அதே தொடக்கக் கருத்தை ஏந்தியபடி குழல் நுழைகிறது. குழல் விரைவான சிறு சுரங்களை உதிர்க்கும்போது கை அதன் பின்னால் ஓடிவிடும். எனவே தந்தி வாத்தியங்களின் கீழ்க்குரலைப் பற்றிக்கொண்டு, நான்கு தட்டுகள் கொண்ட ஆவர்த்தனமாக எண்ணுங்கள். 15 விநாடிகளில் 28 தட்டுகள் விழுந்தால் நிமிடத்துக்கு 112. இதை ஓர்க்கெஸ்ட்ராவின் தொடக்கத்திலும், குழல் பாடும் மென்மையான இடத்திலும், முடிவுக்குச் சற்று முன்பும் செய்து பார்த்து, ஒரே எண்ணாக அல்லாமல் வீச்சாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் நல்ல கலைஞர், சீராகத் தட்டிக்கொண்டிருக்கும் மெட்ரோனோம் கருவி போல் வாசிப்பதில்லை. ஓர்க்கெஸ்ட்ரா நின்றுவிட, குழல் தனித்து உலவும் கடென்ஸாவில் அளக்கவே கூடாது.

செயலிகள் தரும் எண்ணைச் சரிபார்க்காமல் எழுதிவிட வேண்டாம். இரண்டாம் பகுதியான அடாஜியோவில் (மெதுவான நடை) அவை பாதித் தட்டுகளையும் முழுத் தட்டாக எண்ணி, வேகத்தை இரட்டித்துக் காட்டுவதுண்டு. மூன்றாம் பகுதி மினுவெட் என்ற நடனத்தின் நடையில் அமைந்தது. அதை மூன்று மூன்றாக எண்ண வேண்டும்.

கீயைக் கண்டறிய, முதலாம் பகுதியின் கடைசிக் கோர்டில் (பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் இடம்) பதிவை நிறுத்துங்கள். சுருதிப்பெட்டியை 5 கட்டையில் வைத்து, ஷட்ஜமும் பஞ்சமமும் அந்தக் கோர்டுடன் கலந்து மறைகின்றனவா என்று பாருங்கள். மறைந்தால் அது ஜி. ஜி மேஜரின் சுரவரிசை சங்கராபரண ராகத்தினுடையதே என்பதால், ஐயமிருந்தால் ஆரோகண அவரோகணத்தைப் பாடியும் உறுதி செய்யலாம். இரண்டாம் பகுதி டி மேஜர். அதற்குப் பெட்டியை 2 கட்டைக்கு மாற்றுங்கள்.

ஆனால் ஒரு பகுதி முழுவதும் ஒரே கீயில் நிற்பதில்லை. முதலாம் பகுதியில் குழல் நுழைந்து சிறிது நேரம் சென்றதும், 5 கட்டைச் சுருதியை மனதில் வைத்துக் கேட்பவருக்குச் சுத்த மத்தியமம் இருக்க வேண்டிய இடத்தில் பிரதி மத்தியமம் ஒலிக்கத் தொடங்கும். கல்யாணி ராகம் வந்துவிட்டது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் அங்கே பழைய பஞ்சமம் புதிய ஷட்ஜமாகிவிட்டது, இசை டி மேஜருக்குப் பெயர்ந்துவிட்டது. ஷட்ஜத்தை வேறு சுரத்துக்கு மாற்றும் கிரகபேதம் அறிந்தவர் இந்தப் பெயர்ச்சியைப் பிடிக்கும் கணத்தில் அடைகிற மகிழ்ச்சி தனியானது; அந்த இடத்தின் நிமிடத்தையும் விநாடியையும் கட்டாயம் குறித்துவையுங்கள்.

பெட்டியுடன் பதிவு சேரவில்லை என்றால், அது பழங்கால வாத்தியங்களில் வாசிக்கப்பட்டதா என்று பாருங்கள். இன்றைய பொது அளவில் ஏ சுரம் 440 ஹேர்ட்ஸ். மொஸார்ட் காலத்து மரக் குழலில் வாசிப்பவர்கள் பெரும்பாலும் 430 ஐ ஒட்டிச் சுருதி சேர்ப்பதால், அரைச் சுரத்தின் பாதிக்கும் சற்றுக் குறைவாக எல்லாமே இறங்கி ஒலிக்கும். அப்போதும் கீ ஜி மேஜர்தான். சுருதி அளவைத் தனியாக எழுதுங்கள்.

இனி உணர்வு. ஒவ்வொரு உணர்வுச் சொல்லுக்கும் காதில் விழுந்த ஒரு காரணத்தைக் கூடவே எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. "மேஜர் என்பதால் மகிழ்ச்சி" என்பது காரணமாகாது: இந்தக் கொன்சர்ட்டோவின் மூன்று பகுதிகளும் மேஜரில் இருந்தும் மூன்றும் வெவ்வேறு உணர்வைத் தருகின்றன. அடாஜியோவின் மென்மைக்குக் காரணம் தேடுவோர் ஓர்க்கெஸ்ட்ராவைக் கவனிக்கட்டும். ஏனைய பகுதிகளில் வரும் இரண்டு ஓபோக்களுக்குப் (நாதஸ்வரம் போல் சீவாளி கொண்ட ஊதுகருவி) பதிலாக இங்கே இரண்டு புல்லாங்குழல்கள் இசைப்பதால், தனிக்குழலின் குரல் தன் இனத்துக் குரல்களின் நடுவே மிதக்கிறது. குழல் கீழ்ஸ்தாயியில் காற்று கலந்து ஒலிக்கிறதா, மேல்ஸ்தாயியில் பளிச்சிடுகிறதா, சுரங்களை நாவினால் வெட்டி வாசிக்கிறாரா, ஒரே மூச்சில் இணைக்கிறாரா என்பனவும் காரணங்களே.

முடித்த குறிப்பு இப்படி அமையலாம்: "முதலாம் பகுதி, ஜி மேஜர், நிமிடத்துக்கு 108 முதல் 114 வரை. தட்டுகள் அழுத்தமாக விழுவதாலும் குழல் அவசரமின்றி மேல்ஸ்தாயியை எட்டுவதாலும் கம்பீரமான உணர்வு." இந்தக் கொன்சர்ட்டோவுக்கு மொஸார்ட் எழுதிய கடென்ஸா எதுவும் கிடைக்கவில்லை, கலைஞர்கள் தத்தமதையோ பிறருடையதையோ வாசிக்கிறார்கள். ஆகவே கேட்ட கடென்ஸா யாருடையது என்று பதிவின் உறையில் இருந்தால், அதையும் அந்த வரியின் கீழ் சேர்த்துவிடுங்கள்.