மூன்றில் நடக்கும் பாட்டுக்கு நான்கில் ஓடும் ஆர்ப்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வொர்க்ஸ்டேஷன் கீபோர்டில் ஆர்பெஜியேட்டர் (சுருக்கமாக ஆர்ப்; கார்டாக, அதாவது ஒன்றாகப் பிடித்த சுரங்களை ஒவ்வொன்றாகத் தானே வாசிக்கும் வசதி) பொத்தானை அழுத்தியதும் பெரும்பாலும் அடிக்கு நான்கு சுரம் வீதம், அதாவது 1/16 கணக்கில் ஓடத் தொடங்கும். மொரீசியஸில் நம் கை அதிகம் வாசிப்பதோ மூன்றில் நடப்பவை. உள்ளூர் இசையான செகா 6/8. தைப்பூசத்துக்குப் பாடும் காவடிச் சிந்து திச்ர நடை (அடிக்கு மூன்று தட்டு). ரவான் மேளம் மூன்றில் போக, கீபோர்டு நான்கில் ஓடினால் கேட்பவர் தாளக்காரரைத்தான் முறைப்பார். பாவம், அவர் சரியாகத்தான் அடிக்கிறார்.

இதைச் சரிசெய்யப் பலர் ஸ்விங்கை (இரண்டாம் தட்டைச் சற்றுத் தள்ளிப்போடும் அமைப்பை) திருகுகிறார்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது. 50 நேர் நிலையாக உள்ள கருவியில், 1/8இல் ஸ்விங்கை 66 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் மூன்றின் சாயல் வரும். ஆனால் ஒலிப்பது ‘தகிட’வின் முதல் தட்டும் மூன்றாம் தட்டும் மட்டுமே. நடுத் தட்டு இருக்காது. செகாவின் ஆட்டம் அந்த நடுத் தட்டையும் சேர்த்துத்தான். ஆகவே ஸ்விங்கை நேர் நிலைக்குத் திருப்பிவிடுங்கள் (சில கருவிகளில் அது 0, சிலவற்றில் 50). பிறகு ரேட் அமைப்பில் 1/8 டிரிப்லெட்டை (அடிக்கு மூன்று சுரம்) தேர்ந்தெடுங்கள். 4/4, டெம்போ 110 என்பது அப்படியே இருக்கலாம்.

தாளக் குறியையே 6/8 ஆக்கி 1/8இல் ஓட்டுவதானால் டெம்போவையும் மாற்ற வேண்டும். கருவி எண்ணுவது கால் சுரத்தை (1/4). 6/8இல் நம் பாதம் தட்டுவது ஒன்றரைக் கால் சுரத்துக்கு ஒருமுறை. 110ஐ ஒன்றரையால் பெருக்கி 165 வையுங்கள். 110ஐ அப்படியே விட்டால் பாட்டு தூங்கி வழியும்.

அடுத்தது, எத்தனை சுரம் பிடிக்கிறோம் என்பது. மூன்று சுரக் கார்டு, மேல்நோக்கி, ஆக்டேவ் 1 (ஒரே ஸ்தாயி): ஒவ்வோர் அடியிலும் அடிச் சுரம் (கார்டின் மிகத் தாழ்ந்த சுரம்) வந்து விழும். அழகுக்காக நான்காவது சுரத்தைச் சேர்த்ததும் சுற்று நான்காகிறது. அடிச் சுரம் இடம் நகர்ந்து, நான்கு அடி கழித்தே சமத்துக்கு (தாளத்தின் தொடக்கத்துக்கு) திரும்பும். தெரிந்து செய்தால் அது நல்ல கணக்கு. தெரியாமல் செய்தால் குளறுபடி. மேலும் கீழும் போகும் பேட்டர்னிலும் கவனம் வேண்டும்: இரு முனைச் சுரங்களை இரட்டிக்காத கருவியில் மூன்று சுரம் நான்கு படியாகிவிடும் (ச க ப க), இரட்டிக்கும் கருவியில் ஆறாகும்.

ராகத்துக்கும் இதே கணக்குதான். மோகனத்தின் ச ரி க ப த ஐந்தையும் பிடித்தால், திச்ர நடையில் ஆதி தாளத்தின் 24 தட்டில் நான்கு சுற்று போக நான்கு தட்டு மிச்சம். மேல் ஷட்ஜத்தையும் சேர்த்து ஆறாக்குங்கள். நான்கு சுற்றில் சமம் கச்சிதமாக வரும். ஆக்டேவ் 1இலேயே இருக்கட்டும், 2 ஆனால் ஷட்ஜம் இரட்டிக்கும். கமகம் (சுரத்தின் அசைவு) மட்டும் ஆர்ப்பிடம் எதிர்பார்க்காதீர்கள். அதற்குத் தனி ட்ராக்கும் பிட்ச் பெண்டும்தான் வழி.

ஆர்மோனியத்திலிருந்து வந்தவர்களுக்கு லாட்ச் (விரலை எடுத்தபின்னும் ஆர்ப்பை ஓடவைக்கும் அமைப்பு) ஒரு பொறி. காற்று விடாமல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு இழுத்துப் பழகிய விரல், பழைய கார்டை முழுக்க விடாமலே புதியதை அழுத்தும். லாட்ச் போட்டிருக்கும்போது எல்லா விரலும் எழுந்தால்தான் பழைய கார்டு அழியும். இல்லையென்றால் புதுச் சுரங்கள் அதன்மேல் சேர்ந்துகொண்டே போகும். கார்டு மாறும் இடத்தில் கையை ஒரு நொடித்துளி முழுவதுமாகத் தூக்குங்கள். கீ சிங்க்கும் போட்டிருந்தால் பேட்டர்ன் அங்கே முதலிலிருந்து தொடங்கும். விரல் பிந்தினால் பேட்டர்னும் பிந்தும். சஸ்டெய்ன் பெடலைத் தொடவே வேண்டாம்.

ஒலித் தேர்வு. 110 டெம்போவில் ஒரு டிரிப்லெட் தட்டு சுமார் 182 மில்லிசெகண்ட். கேட் (தட்டுக்குள் சுரம் ஒலிக்கும் பங்கு) 50 சதவீதம் என்றால் சுரம் 91 மில்லிசெகண்டில் விடுபடும். அட்டாக் (ஒலி முழுதாக எழ ஆகும் நேரம்) 300 மில்லிசெகண்ட் உள்ள ஸ்ட்ரிங்ஸ் பேடு அதற்குள் வாயே திறக்காது. மணி, கிட்டார், பிளக் போல உடனே ஒலிப்பவற்றை எடுங்கள், அல்லது அட்டாக்கைக் குறையுங்கள். ரிலீஸ் (விட்டபின் ஒலி அடங்கும் நேரம்) நீண்டால் சுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பும். வெலாசிட்டியை (சுரத்தின் அழுத்த அளவை) ஒரே எண்ணில் நிறுத்தினால் தையல் இயந்திரச் சத்தம்தான். வாசிக்கும் அழுத்தத்தைப் பின்பற்றும்படி வையுங்கள். குலுக்கி வாசிக்கும் மரவான் ஏற்கெனவே எல்லாத் தட்டையும் சலசலத்து நிரப்புவதால், ஆர்ப்பில் இடைவெளி விட்ட பேட்டர்ன்தான் எடுபடும்.

கணினியில் பதியும்போது ஒவ்வொரு சுரமும் இரண்டு முறை ஒலித்தால், கீபோர்டின் சுரம் கணினிக்குப் போய்த் திரும்பி வந்து மறுபடி ஒலிக்கிறது என்று பொருள். லோக்கல் கன்ட்ரோலை (விசைகளைக் கீபோர்டின் ஒலியோடு நேராக இணைப்பதை) ஆஃப் செய்யுங்கள், அல்லது அந்த ட்ராக்கின் மிடி த்ரூவை (வந்த சுரத்தைத் திருப்பி அனுப்புவதை) அணையுங்கள். ஆர்ப் உருவாக்கிய சுரங்களையே பதிந்திருந்தால், திரும்ப ஓட்டும்போது ஆர்ப்பும் ஆஃப். இல்லையென்றால் அது ஆர்ப்புக்கே ஆர்ப் போடும்! ஒலியே வரவில்லையா? கிளாக் (ஆர்ப்பை ஓட்டும் வேகத் துடிப்பு) வெளியிலிருந்து வரும்படி வைத்துவிட்டு, கணினியில் மிடி கிளாக் அனுப்பச் சொல்ல மறந்திருப்பீர்கள். தனியாக மேடைக்குப் போகும்முன் அதை இன்டர்னலுக்கு மாற்றி, அந்த அமைப்போடு சேமித்துவிடுங்கள்.