பல் டாக்டர் கேட்ட குறட்டைக் கேள்வி

பல் கூச்சத்துக்காகத்தான் குன்னூரில் டாக்டரிடம் போனேன். "பல்லெல்லாம் தேய்ஞ்சிருக்கு, நாக்கு ஓரத்துல பல் தடம். குறட்டை விடுவீங்களா?" என்றார். நான் இல்லை என்றேன். மனைவி விடவில்லை: "நடுவுல மூச்சே நின்னுடுது டாக்டர், நான்தான் உலுக்கி எழுப்புறேன்."

கழுத்தை டேப்பால் அளந்தார், 43 செ.மீ. "40-ஐத் தாண்டினா கவனிக்கணும். ஆனா தூக்கப் பரிசோதனை செஞ்சாத்தான் உறுதி" என்று கோவைக்கு அனுப்பினார்.

பரிசோதனையில் தூக்கத்தில் மணிக்கு 34 தடவை மூச்சுத் தடை. 30-க்கு மேலே கடுமையான வகை. தூங்கும்போது குழாய் வழியே மூக்குக்குக் காற்றை அழுத்தி அனுப்பி, மூச்சு தடைபடாமல் பார்க்கும் சீபேப் மெஷின் கொடுத்தார்கள்.

இங்கத்திக் குளிரில் குழாய்க்குள் நீர் கோத்து மூக்கில் சொட்டியது. குழாய்க்குக் கம்பளி உறை தைத்து, மெஷினைக் கட்டிலுக்குக் கீழே இறக்கி வைத்தேன். நின்றது.

பர்லியார் வளைவுகளில் வண்டி ஓட்டும்போது இப்போது கண் சொக்குவதில்லை.